ஒரே காருக்கு இரண்டு விலை

மாரி காலத்து இரவில் ஏ9 வீதியால் வாகனம் ஓட்டியவர்களுக்கு நான் சொல்லத் தொடங்குவது புதிதாக இராது. காடும் வயலும் ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது, பகற்சூடு கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் தார் வீதியைத் தேடிக் கட்டாக்காலி மாடுகள் வந்து படுத்துக்கொள்ளும். 2022 டிசம்பரில் ஒரு நாள், வவுனியாவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு நானும் மனைவியும் கிளிநொச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மாங்குளம் சந்தியைத் தாண்டிக் கொக்காவிலை நெருங்கும்போது இரவு ஏழரை மணியிருக்கும், தூறல் விழுந்துகொண்டிருந்தது. என்னுடைய மொறிஸ் மைனரில் இருப்பது பழைய டைனமோ. எஞ்சின் வேகம் குறைந்தால் முன்விளக்கும் மங்கிவிடும். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நடு வீதியில் கிடந்த கறுப்பு மாட்டை நான் கண்டபோது அதற்கும் எனக்கும் இடையில் மூன்று பாகத் தூரம்கூட இல்லை. இடப்பக்கம் வெட்டினேன். மாட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. கார் மதகுக் கட்டில் இடது முன்மூலையால் மோதி நின்றது. மனைவிக்கு நெற்றியில் வீக்கம், எனக்கு மணிக்கட்டில் சுளுக்கு. அத்தோடு தப்பியது பெரிய விஷயம் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அந்த நேரத்தில் நான் காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன் என்று மனைவி இன்றைக்கும் குறை சொல்லுவார். அது உண்மைதான்.

அந்தக் கார் எங்கள் வீட்டில் ஓர் ஆள் மாதிரி. 1961ஆம் ஆண்டு வாகனம், 948 சிசி எஞ்சின், ஸ்ரீ இலக்கத் தகடு. அப்பா அதைப் பரந்தன் சந்தியில் வாடகைக்கு ஓட்டி எங்களைப் படிப்பித்தவர். பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னிக்குப் பெற்றோல் வராத அந்த ஆண்டுகளில், ஒரு சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைக் காபிரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார். வெண்புகையும் மண்ணெண்ணெய் மணமும் எனக்கு இளமைக் காலத்தின் அடையாளங்கள். 1996இல் கிளிநொச்சியை விட்டு எல்லோரும் வெளியேறியபோது அக்கராயனுக்கும் பிறகு மல்லாவிக்கும் எங்களைச் சுமந்தது அதுதான். சமாதான காலத்தில், 2005ஆம் ஆண்டு, தகரவேலைக்காக அப்பா அதை வவுனியாவில் ஒரு கராஜில் விட்டார். வேலை இழுபட்டது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. கார் அங்கேயே நின்றுவிட்டது. அந்தத் தற்செயல் இல்லாவிட்டால், 2009இல் முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்ட வாகனங்களோடு வாகனமாக அதுவும் எரிந்தோ துருப்பிடித்தோ போயிருக்கும். வன்னியில் எத்தனையோ குடும்பங்கள் வாகனத்தையும் இழந்து அதன் பதிவுப் புத்தகத்தையும் இழந்த நிலையில், எங்கள் காரும் புத்தகமும் அந்தக் கராஜ்காரரின் இரும்பு அலுமாரியின் புண்ணியத்தில் தப்பின. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் காப்புறுதி நிறுவனம் கேட்டது அந்தப் புத்தகத்தைத்தான்.

விபத்து நடந்த இடத்திலேயே நான் விட்ட பிழைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். காப்புறுதி நிறுவனத்தின் இருபத்துநான்கு மணிநேர இலக்கத்துக்கு அழைத்தபோது, அந்த நேரத்தில் மாங்குளத்துக்கு ஆள் அனுப்ப முடியாது, படம் எடுத்து அனுப்பிவிட்டு வாகனத்தை அகற்றுங்கள் என்றார்கள். மழையில், கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில், நான்கு படங்கள் எடுத்தேன். நான்கும் நசுங்கிய மூலையைக் காட்டின. காரின் மற்ற மூன்று பக்கமும் பழுதில்லாமல் நின்றதைக் காட்டும் ஒரு படம்கூட நான் எடுக்கவில்லை. எஞ்சின் இயங்கிக்கொண்டிருந்ததைக் காட்டும் பத்து விநாடிக் காணொளி ஒன்று எடுத்திருந்தால் பின்னால் பல கடிதங்கள் மிச்சமாகியிருக்கும். சேதத்தைக் காட்டும் படங்களைவிட, சேதமடையாததைக் காட்டும் படங்களே பழைய வாகனத்துக்கு உயிர் கொடுக்கும் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பொலிஸ் முறைப்பாட்டை அன்றிரவே பதிந்தது மட்டும் சரியாக நடந்தது.

இரண்டாவது பிழை இன்னும் பெரிது. மறுநாள் உரிமைகோரல் படிவம் நிரப்பும்போது மனம் முழுக்கத் துக்கம். ‘சேதத்தின் விபரம்’ என்ற இடத்தில் ‘வாகனம் முற்றாகச் சேதமடைந்துள்ளது’ என்று எழுதினேன். தமிழ் படிப்பித்த வாத்தியார் ஒருவன் சொல்லின் பாரம் தெரியாமல் எழுதிய வசனம் அது. மூன்று வாரத்துக்குப் பிறகு வந்த கடிதத்தில், காப்புறுதி பெற்றவரே வாகனம் முற்றாகச் சேதமடைந்ததாக ஏற்றுக்கொண்டுள்ளார் என்று அந்த வசனத்தை எனக்கே திருப்பிக் காட்டினார்கள். அந்த இடத்தில் உடைந்த பாகங்களின் பெயரை மட்டும் எழுத வேண்டும்: இடது முன் மட்காட், முன்விளக்கு, ரேடியேற்றர், பொனற்றின் இடது விளிம்பு என்று. அழுகையை அந்தப் பெட்டிக்குள் எழுதக்கூடாது.

முதல் மூன்று நாளும் கார் நிறுவனம் காட்டிய ஒரு தரிப்பிடத்தில் நின்றது. பிறகு வவுனியாவுக்கு, அப்பா காலத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்த தகரவேலைக்காரரிடம் கொண்டுபோனேன். அந்த மூன்று நாளில் பொனற்றின் முன்சின்னமும், ஹோன் பொத்தானும், ஒரு சில்லுக் கோப்பையும் காணாமற்போயிருந்தன. யார் எடுத்தார்கள் என்று யாரைக் கேட்பது? சின்னம் கிடைக்க எனக்கு ஒன்பது மாதம் சென்றது. விபத்துக்குள்ளான பழைய கார் ஓர் இரவுகூட உங்களுக்குத் தெரியாத இடத்தில் நிற்கக்கூடாது. நின்றேயாக வேண்டுமென்றால், எஞ்சின் இலக்கம், செஸி இலக்கத் தகடு, சின்னங்கள், கருவிகள் எல்லாவற்றையும் படமெடுத்துப் பட்டியலிட்டு, பொறுப்பேற்பவரிடம் கையொப்பம் வாங்கிவிட்டுத்தான் வர வேண்டும்.

தகரவேலை அண்ணை காருக்குக் கீழே படுத்து அரைமணி நேரம் பார்த்தார். எழும்பிவந்து கையைத் துடைத்தபடி, “மாஸ்டர், இது செத்த வாகனம் இல்லை, கால் முறிஞ்ச வாகனம்,” என்றார். அவர் சொன்னதன் பொருள் இதுதான். மொறிஸ் மைனருக்குத் தனியான செஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது; உடலேதான் அதன் சட்டம். ஆனால் நான்கு மட்காட்டும் திருகாணியால் பூட்டப்பட்டவை. கழற்றி வேறு பூட்டலாம். உள்ளே இருக்கும் தகடும், எஞ்சினைத் தாங்கும் இடது முன்சட்டக் காலும்தான் வளைந்திருக்கின்றன. முன்சில்லைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் பின்னால் போய்ப் பூட்டப்படும் குறுக்குச் சட்டம் அசையவில்லை என்றால் மிச்சமெல்லாம் கைவேலை. அவர் அளவு நாடாவைப் பிடித்து, அந்தக் குறுக்குச் சட்டத்தின் இரு முனையிலிருந்தும் முன்மூலைகளுக்குக் கத்தரிக்கோல் போலக் குறுக்காக அளந்து காட்டினார். வலப்பக்க அளவுக்கும் இடப்பக்க அளவுக்கும் ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம். அதை இழுத்து நேராக்கலாம் என்றார். மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு மதிப்பீடு எழுதித் தந்தார்.

நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் ஒரு இளைஞர், மரியாதையானவர். அவர் இதற்கு முன் மொறிஸ் மைனரைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பதை அவரே சிரித்தபடி ஒப்புக்கொண்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. கணினியில் அந்த வாகனத்துக்கு உதிரிப்பாக விலைப்பட்டியல் இல்லை. இல்லாததால் ‘உதிரிப்பாகம் கிடைக்காது’ என்று எழுதினார். உண்மை அப்படியன்று. இந்தக் காருக்குத் தேவையான பெரும்பாலான பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அதன் தகட்டுப் பாகங்களை நம் நாட்டிலேயே காலிப் பகுதியில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் உண்டு. மதிப்பீட்டாளர் வரும் நாளில் வாகனத்தைத் தெரிந்த தொழிலாளி அருகில் இருக்க வேண்டும். பாகம் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று எழுதிய தாளொன்றை அவர் கையில் கொடுத்து, பிரதியில் திகதியிட்டுக் கையொப்பம் வாங்க வேண்டும். நான் அன்று பாடசாலையில் ஐந்தாம் பாடவேளையில் இருந்தேன்.

இனி, சர்ச்சையின் உயிர்நிலைக்கு வருகிறேன். 2016இல் முழுக் காப்புறுதி எடுத்தபோது காரின் பெறுமதியை மூன்றரை இலட்சம் ரூபாய் என்று எழுதினோம். அன்று அது ஏறத்தாழச் சரியான விலை. பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும்போது அந்த எண்ணை நான் பார்க்கவேயில்லை. கட்டணம் கூடாமல் இருந்தால் போதும் என்ற நினைப்பு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாயும் விழுந்தது. இறக்குமதி இல்லாத நாட்டில் பழைய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். என் காரைப் பத்து இலட்சத்துக்கு மேல் கேட்டவர்கள் இருந்தார்கள். விற்கிற எண்ணம் இல்லாததால் அந்த விலை எனக்குப் பெருமையாக மட்டுமே பட்டது, கணக்காகப் படவில்லை.

2023 ஜனவரியில் வந்த முதற் கடிதம் இப்படிச் சொன்னது. திருத்தச் செலவு காப்புறுதிப் பெறுமதியின் பெரும்பகுதியைத் தொடுகிறது. ஆகவே வாகனம் முழு இழப்பு. மூன்றரை இலட்சத்தில் பத்தாயிரம் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு. மிச்சத்தைத் தருகிறோம், வாகனத்தையும் பதிவுப் புத்தகத்தையும் ஒப்படையுங்கள். வாகனத்தை நீங்களே வைத்திருக்க விரும்பினால் சிதைந்த வாகனத்தின் விலையாக ஒரு இலட்சத்து இருபதாயிரத்தையும் கழிப்போம்; பதிவை இரத்துச் செய்யவும் நீங்கள் சம்மதிக்க வேண்டும். பதிவு இரத்தான கார் வீதியில் ஓடாது. அறுபது ஆண்டுப் பழமையான வாகனத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மறுபடி பதிவது லேசான காரியமா என்று அங்கே வேலை செய்த ஒருவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தேநீர் குடித்தார். அதன் பொருள் எனக்கு விளங்கியது.

முழு இழப்பு வேண்டாம், திருத்தச் செலவைத் தாருங்கள் என்று நான் எழுதினேன். பெப்ரவரியில் இரண்டாவது கடிதம் வந்தது. திருத்தச் செலவாகக் கணித்தால் ‘அவரேஜ்’ நிபந்தனை பொருந்தும் என்றது. அதாவது, வாகனத்தின் சந்தை விலை பதினொரு இலட்சம். நீங்கள் காப்புறுதி செய்தது மூன்றரை இலட்சத்துக்கு. பதினொன்றில் மூன்றரைப் பங்குதான் நீங்கள் காப்புறுதி செய்திருக்கிறீர்கள், ஆகவே திருத்தச் செலவிலும் அந்தப் பங்குதான் கிடைக்கும். மூன்று இலட்சத்துப் பத்தாயிரத்துக்குத் தொண்ணூற்றெட்டாயிரத்துச் சொச்சம். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். இந்த நிபந்தனை காப்புறுதிப் பத்திரத்தின் நான்காம் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. ஏழு ஆண்டுகள் அதை மடித்துக் காரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்திருந்தவன் நான்.

இரண்டு கடிதங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து நாலைந்து நாள் பார்த்த பிறகுதான் ஒன்று புலப்பட்டது. முதற் கடிதத்தில் காரைக் கொல்வதற்கு மூன்றரை இலட்சம் என்ற விலை. இரண்டாவது கடிதத்தில் காசைக் குறைப்பதற்குப் பதினொரு இலட்சம் என்ற விலை. கார் பதினொரு இலட்சம் பெறுமென்றால், மூன்று இலட்சத்துத் திருத்தத்தைப் பொருளாதாரத்துக்கு ஒவ்வாதது என்று எப்படிச் சொல்லலாம்? மூன்றரை இலட்சம்தான் பெறுமென்றால் அவரேஜ் எங்கிருந்து வருகிறது? அதுவரை நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் அப்பாவைப் பற்றியும் மண்ணெண்ணெயைப் பற்றியும் இருந்தன. கோப்பைக் கையாளுகிற உத்தியோகத்தருக்கு அவை எந்த உதவியும் செய்யாது. அதன் பிறகு எழுதிய ஒரு பக்கக் கடிதத்தில் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டேன்: என் வாகனத்தின் விலையாக நிறுவனம் ஏற்பது எது? சிதைந்த வாகனத்துக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம் என்று மதித்ததற்கு ஆதாரமான விலைக் கேள்விப்பத்திரங்கள் எவை? தமிழில் எழுதி, மருமகனைக் கொண்டு ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தொலைபேசியில் பேசியதையெல்லாம் அன்றே ஒரு கொப்பியில் திகதி, நேரம், பேசியவரின் பதவியோடு குறித்துவைத்தேன். அந்தக் கொப்பி பின்னால் மிகவும் உதவியது.

இதற்கிடையில் விநோதமான அழைப்புகள் வரத் தொடங்கின. உடைந்த மொறிஸ் விற்பனைக்கு இருக்கிறதாமே, புத்தகத்தோடு தருவீர்களா என்று கொழும்புப் பக்கத்திலிருந்து மூன்று பேர் கேட்டார்கள். நான் யாருக்கும் சொல்லாத செய்தி அவர்களுக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் உடைந்த காரைவிட அதன் புத்தகத்துக்குத்தான் ஆசைப்பட்டார்கள் என்பது விளங்கியது. ஒருவர் ஒன்றரை இலட்சம் என்றார். அவருடைய குறுஞ்செய்தியை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். அது எனக்கு எதிரான ஆதாரம் என்பது பிறகுதான் உறைத்தது. சிதைந்த வாகனத்துக்குக் கூடிய விலை கேட்கப்பட்டால் எனக்குக் கிடைக்கும் தொகையல்லவா குறையும்! பதிவுப் புத்தகத்தின் மூலப்பிரதியைத் தீர்வு எழுத்தில் வரும்வரை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கிளை அலுவலகத்தில் ‘பார்த்துவிட்டுத் தருகிறோம்’ என்று கேட்டபோது அலுமாரித் திறப்பு மகளிடம் இருக்கிறது என்று பொய் சொல்லித் தப்பினேன். அந்தப் பொய்க்காக நான் வருந்தவில்லை.

பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு சுயாதீன மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கினேன். அவர் வயதானவர்; இளமையில் இந்த வகைக் காரிலேயே வாகனம் ஓட்டப் பழகியவர். குறுக்குச் சட்டம் பழுதில்லை, முறுக்குக் கம்பிகள் பழுதில்லை, எஞ்சினும் கியர்ப்பெட்டியும் இயங்குகின்றன, திருத்தினால் பாதுகாப்பாக ஓடும் என்று அளவுகளோடு எழுதினார். சிதைந்த நிலையில் அறுபதாயிரத்துக்கு மேல் பெறாது என்றும் காரணத்தோடு எழுதினார். இந்தப் பதினைந்தாயிரம்தான் இந்த விவகாரத்தில் நான் செலவழித்த காசுகளில் மிகவும் பயன் தந்தது. இதை முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும். நான்காம் மாதத்தில் செய்தேன்.

நிறுவனத்தின் தலைமையகத்துக்கு எழுத்தில் முறையிட்டுப் பதில் திருப்தியில்லாமல் போனதும், மே மாதத்தில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கு விண்ணப்பித்தேன். இப்படியொரு அதிகாரி கொழும்பில் இருப்பது பலருக்குத் தெரியாது. முதலில் நிறுவனத்திடமே முறையிட்டு முடிவு கேட்டிருக்க வேண்டும் என்பதால், நிறுவனத்தின் கடைசிக் கடிதம் கையில் இல்லாமல் அங்கே போவதில் பலன் இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். இரண்டு கடிதங்களின் பிரதி, சுயாதீன அறிக்கை, என் கொப்பிக் குறிப்புகள், நல்ல வெளிச்சத்தில் எடுத்த இருபது படங்கள், இவ்வளவுதான் கட்டு. அப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் வென்றேன் என்று சொல்லமாட்டேன். விசாரணைக்கு முன்பாகவே, ஜூலை மாதத்தில், நிறுவனம் ஒரு சமரசக் கடிதம் அனுப்பியது. முழு இழப்பு என்ற நிலைப்பாட்டை அவர்கள் கைவிடவில்லை. ஆனால் சிதைந்த வாகனத்தின் விலையை அறுபதாயிரமாகக் குறைத்தார்கள், வாகனம் எனக்கே, பதிவை இரத்துச் செய்யும் நிபந்தனை நீக்கம். மூன்றரை இலட்சத்தில் அறுபதாயிரமும் பத்தாயிரமும் போக, இரண்டு இலட்சத்து எண்பதாயிரம். இன்னும் இழுத்திருக்கலாம் என்று மருமகன் சொன்னார். அவரேஜ் நிபந்தனை சட்டப்படி என் கழுத்தில் கிடந்ததை நான் அறிவேன். விசாரணையில் அது மேலே வந்தால் தொண்ணூற்றெட்டாயிரத்துக்கே திரும்ப நேரலாம் என்ற பயமும் இருந்தது. ஏற்றுக்கொண்டேன். ஒன்றை மட்டும் செய்தேன்: ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்று அவர்கள் அனுப்பிய பத்திரத்தில் பதிவு இரத்துப் பற்றிய பழைய வாசகம் இன்னும் இருந்தது. தவறுதலாக இருந்ததென்றே வைத்துக்கொள்கிறேன். அதை நீக்கிப் புதுப் பத்திரம் தரும்வரை கையொப்பமிடவில்லை; அதற்கு மேலும் பதினெட்டு நாள் சென்றது.

ஓகஸ்டில் வேலை தொடங்கியது. கழற்றத் தொடங்கியதும், மதிப்பீட்டில் இல்லாதவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சட்டக் கால் வளைந்தது மட்டுமல்ல, பழைய துரு ஒன்று உள்ளிருந்து அதைத் தின்றிருந்தது. புதுத் தகடு வெட்டி ஒட்ட வேண்டியதாயிற்று. முன்சில்லைத் தாங்கும் கீழ்ப் புரி மூட்டு தேய்ந்து கிடந்தது. இந்தக் காரைத் தெரிந்தவர்கள் பயப்படுவது அதற்குத்தான்; ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் புரி கழன்று சில்லு ஓடும்போதே மடங்கிவிடும். விபத்து நடக்காவிட்டால் அது எங்கே மடங்கியிருக்குமோ. ஆகவே மதிப்பீடு எழுதுவதற்கு முன் மட்காட்டையும் முன்முகப்பையும் கழற்றிப் பார்க்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். மேலே பார்த்து எழுதிய கணக்கு எங்களை ஒரு இலட்சத்துக்கு மேல் ஏமாற்றியது.

பாகம் தேடிய கதை தனி. முன்முகப்பின் கம்பித்தட்டும் விளக்கு வளையமும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் முழுக்க அலைந்து கிடைத்தன. இடது மட்காட் யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய வாடகைக் கார்க்காரரிடம். கடைசியில், புரி மூட்டோடு கூடிய முன்சில்லுத் தூண் தென்மராட்சியில் ஒரு வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனால், அந்த மொறிஸ் மைனர் மாட்டுக் கொட்டிலுக்குள் நிற்கிறது; பொனற்றின் மேல் வைக்கோல், பின்னிருக்கையில் கன்றுக்குட்டி. மாட்டால் போனது மாட்டிடமே திரும்பக் கிடைத்தது என்று தகரவேலை அண்ணை சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

செலவை ஒளிக்காமல் சொல்கிறேன். தகரவேலைக்கு ஒரு இலட்சத்து நாற்பதாயிரம். பெயின்ற்றுக்கு ஒரு இலட்சத்து அறுபத்தையாயிரம். உதிரிப்பாகங்களுக்கு ஒரு இலட்சத்துப் பதினெட்டாயிரம். ரேடியேற்றர் ஒட்டுக்குப் பதினாலாயிரம். இரண்டு முறை ஏற்றி இறக்கிய லொறிக்கு முப்பத்தெட்டாயிரம். சுயாதீன அறிக்கைக்குப் பதினைந்தாயிரம். கொழும்புப் பயணங்கள் நான்குக்கும் இருபத்தெட்டாயிரம். கார் எட்டு மாதம் கராஜில் நின்றதற்கு, அண்ணை வேண்டாமென்றும் நான் வற்புறுத்திக் கொடுத்தது இருபதாயிரம். மொத்தம் ஐந்து இலட்சத்து முப்பத்தெட்டாயிரம். கிடைத்த இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் போக, என் கையிலிருந்து போனது இரண்டு இலட்சத்து ஐம்பத்தெட்டாயிரம். ஆண்டுக் கட்டணத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப்போய் வந்த வினை இது. பாடசாலையில் எடுத்த விடுமுறைகளையும், வீட்டில் நான் காட்டிய எரிச்சலையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

2024 தைப்பொங்கலுக்கு முதல் வாரம் கார் வீட்டுக்கு வந்தது. புகைப் பரிசோதனை முடித்து, கரைச்சி பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்குமுன் காப்புறுதி வேண்டுமே. இம்முறை வேறொரு நிறுவனத்துக்குப் போனேன். சுயாதீன மதிப்பீட்டாளரின் புது அறிக்கையையும் படங்களையும் கொடுத்து, இழப்பு நேர்ந்தால் சந்தை விலை எதுவென்று பிறகு வாதிடாமல், பதினொரு இலட்சம் என்று இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பெறுமதியாகப் பத்திரத்தில் எழுதச் சொன்னேன். பழைய வாகனத்துக்கு அப்படி எழுதுவதில்லை என்று முதலில் மறுத்தார்கள். இரண்டு கிழமையில், ஆண்டுதோறும் படமும் அறிக்கையும் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு இணங்கினார்கள். முழு இழப்பானாலும் வாகனத்தை வாங்கும் முதல் உரிமை எனக்கு என்ற வரியையும் சேர்க்க வைத்தேன். கவுண்டரில் இருந்த தங்கச்சி, “சேர், பத்திரத்தை இப்பிடி வரிவரியா வாசிச்ச ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்,” என்றார்.

கார் இப்போது ஓடுகிறது. டைனமோவைக் கழற்றி ஓல்டனேற்றர் பூட்டச் சொன்னார்கள்; அதற்கு மனம் வரவில்லை, விளக்குக் குமிழை மட்டும் மாற்றி, பொழுதுபட்ட பிறகு மாங்குளம் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன். இடது முன்கதவு இன்னும் ஒரு நூல் கீழே இறங்கித்தான் நிற்கிறது. சாத்தும்போது கைப்பிடியோடு சேர்த்து இலேசாகத் தூக்க வேண்டும். அந்தத் தூக்கு எனக்குச் சரிவருவதில்லை, மனைவிக்குத்தான் சரிவருகிறது. ஆகையால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்திவிட்டு ஏறும்போதெல்லாம், அவர் என் பக்கத்துக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தன் பக்கத்துக் கதவைச் சாத்துவார்.